குளிருக்கு ஒரு மாதம், படகுக்கு ஒரு மாதம்

தேக்கடி ஏரியும் வண்டிப்பெரியார் மலையும் ஆண்டு முழுவதும் குடும்பங்களை அழைக்கின்றன. ஆனால் குளிர், நிறைந்த ஏரி, கரைக்கு வரும் யானை, பத்திரமான மலைப்பாதை ஆகிய நான்கும் ஒரே மாதத்தில் கிடைப்பதில்லை.

கம்பத்தைத் தாண்டி, கூடலூரைத் தாண்டி, லோயர் கேம்ப்பில் சாலை மலையைத் தொடும் இடத்தில் விடிகாலையில் இரண்டு வகை வண்டிகள் சந்தித்துக்கொள்கின்றன. ஒன்று, ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கியடித்து ஏற்றிச் செல்லும் ஜீப். இன்னொன்று, மதுரையிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ இரவே புறப்பட்டு வந்த குடும்பத்தின் வாடகை வேன். வேனில் குழந்தைகளின் தலையில் குரங்குக் குல்லாய். ஜீப்பில் இருப்பவர்களின் மடியில் தூக்குச்சட்டி. மலை எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பது ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரியும். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதிதான் கிடையாது. வேனில் வருகிறவர்களுக்கு வசதி உண்டு, விவரம்தான் போதவில்லை.

குடும்பச் சுற்றுலாவுக்கு நாள் குறிப்பது வீட்டில் இருப்பவர்கள் அல்ல, பள்ளிக்கூடம். காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல், கோடை என்று நான்கு சந்தர்ப்பங்கள். இந்த நான்கிலும் தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஏதாவதொரு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊட்டியும் கொடைக்கானலும் நிரம்பி வழியும்போது, குளிரும் வேண்டும் படகிலும் போக வேண்டும் என்பவர்கள் கண்ணில் படுவது தேக்கடி. அறை கிடைக்காவிட்டால் 14 கி.மீ. தள்ளி வண்டிப்பெரியார்.

அலாஸ்காவுக்கும் நார்வேக்கும் குடும்பத்தோடு கப்பலேறும் தமிழர்கள் இப்போது உண்டு. அங்கே குழப்பம் குறைவு. அலாஸ்காக் கப்பல்கள் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான் ஓடும். அன்டார்க்டிகாவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான். அங்கே பருவத்தைத் தீர்மானிப்பது பனிக்கட்டி. பயணிக்கு அதில் பேச்சில்லை. தேக்கடியில் ஏரி உறைவதில்லை, படகும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஓடுகிறது. அதனாலேயே எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நினைப்பு வருகிறது. உண்மையில் இங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எழுதுவது தண்ணீர்.

எவ்வளவு குளிர்?

முதலில் குளிரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். குமுளி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். வண்டிப்பெரியாரும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவை. எனவே தேக்கடியில் புல்வெளியில் உறைபனியைத் தேடினால் ஏமாற்றம்தான். மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும். தேயிலைச் சரிவுகளில் இன்னும் கொஞ்சம் குறையும். கோடையில் பகல் 30 டிகிரியைத் தொட்டுவிடும். ஒரு ஸ்வெட்டரும் கம்பளிப் போர்வையும் போதும். வயதானவர்களுக்கு உயரத்தால் மூச்சுத் திணறும் என்ற பயமும் தேவையில்லை.

பிறகு ஏன் குமுளி வந்ததும் உடம்பு சிலிர்க்கிறது? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறுவது ஐந்நூறு மீட்டர்தான்; மூன்று டிகிரி வித்தியாசம் வர வேண்டும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மூட்டையை எல்லாம் கேரளச் சரிவில் இறக்கிவிட்டு, முகட்டைத் தாண்டும்போது வெறுங்கையோடு வருகிறது. கீழே வெயிலில் திராட்சைப் பந்தல் காய, மேலே ஆறேழு கி.மீ. மலைப்பாதைக்கு அப்பால் குடை பிடிக்கும் மழை. உடம்பு உணர்வது உயரத்தை மட்டும் அல்ல, மேகத்தையும்தான். ஜூலையில் ஒரு நாள் இந்தப் பாதையில் ஏறியவர்களுக்குப் பூகோளப் பாடம் தேவைப்படாது.

குமுளியில் தொடங்கும் மழை மேற்கே போகப்போகக் கூடும். வண்டிப்பெரியாரில் அதிகம், அதற்கடுத்த பீருமேடு, குட்டிக்கானத்தில் இன்னும் அதிகம். கேரளத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் வட்டாரங்களில் ஒன்று பீருமேடு. திருவிதாங்கூர் அரசர்கள் குட்டிக்கானத்தில் கோடை அரண்மனை கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வந்தது கோடையில்தான், மழையில் அல்ல. அரச குடும்பத்தின் சுற்றுலாத் திட்டத்தில் இருந்த தெளிவு பிற்காலத்து விடுமுறைப் பட்டியல்களில் இல்லை.

எந்த வழி?

தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு முக்கியமாக மூன்று வாசல்கள். எல்லோருக்கும் தெரிந்தது தேனி-கம்பம்-லோயர் கேம்ப்-குமுளி. தேனியிலிருந்து சுமார் 60 கி.மீ.; மலைப்பாதை குறைவு என்பதால் வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தைகளுக்கு இதுவே உகந்தது. முல்லைப் பெரியாறு தண்ணீர் குகைப்பாதை வழியாக மலையைத் துளைத்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போவதை வழியிலேயே பார்க்கலாம். தண்ணீர் பாயும் நாட்களில் இரைச்சல் பாலத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபமும் இங்கேதான், 2013-ல் திறக்கப்பட்டது.

இரண்டாவது, கம்பத்திலிருந்தே பிரிந்து ஏறும் கம்பம்மெட்டுப் பாதை. கட்டப்பனைப் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்றது. சபரிமலைப் பருவத்தில் நெரிசல் முற்றும்போது, மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீசார் ஒருவழியாக்கி விடுவது வழக்கம். இதை அறியாமல் தேக்கடிக்குக் கிளம்பிய குடும்பம், கட்டப்பனையைச் சுற்றிக்கொண்டு பகல் படகைத் தவறவிடும்.

மூன்றாவது போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் குமுளியைவிட அதிகம், காட்சியும் அதிகம். மேலே பூப்பாறையில் வலப்பக்கம் மூணாறு, இடப்பக்கம் நெடுங்கண்டம், புளியன்மலை வழியாகக் குமுளி. ஏலக்காய்க் காட்டுக்குள்ளேயே ஓடும் இந்தப் பாதை அழகுதான். ஆனால் மலைச்சாலையிலேயே பல மணி நேரம் போகும் என்பதால், மூணாறையும் தேக்கடியையும் சேர்த்துப் பார்க்கும் நான்கு நாள் பயணத்துக்குத்தான் இது பொருந்தும். ஒரே இரவு தங்கித் திரும்புகிறவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

சென்னைக்காரர்களுக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. மதுரை-போடி ரயில் பாதை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ன் இறுதியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரை மீண்டும் ரயில் வந்தது. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை நீண்டு, சென்னையிலிருந்து நேரடி ரயிலும் தொடங்கியது. இரவு ஏறிக் காலையில் தேனியில் இறங்கினால் மதியத்துக்குள் குமுளி.

டெல்லி, மும்பை, பெங்களூர்த் தமிழர்கள் கொச்சி அல்லது கோட்டயத்தில் இறங்கிக் கிழக்கே ஏறுவதையே விரும்புகிறார்கள். கோட்டயத்திலிருந்து முண்டக்கயம் வரை ரப்பர். அதற்குமேல் குட்டிக்கானம் ஏற்றம். பிறகு பீருமேடு, வண்டிப்பெரியார் எனத் தேயிலை. கோட்டயத்திலிருந்து வண்டிப்பெரியாருக்கு நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. தென்காசி, திருநெல்வேலிக்காரர்களும் செங்கோட்டை, புனலூர் வழியாக வந்து முண்டக்கயத்தில் இதே பாதையைப் பிடிக்கலாம். டிசம்பர் முதல் மே வரை இந்தப் பாதை அருமை. மழைக்காலத்தில் இதுதான் ஆபத்தான பாதை. மழையை நேராக வாங்கும் மேற்குச் சரிவில் அது ஏறுகிறது.

அதற்குச் சாட்சி தொலைவில் இல்லை. 2021 அக்டோபர் 16 அன்று முண்டக்கயத்தை அடுத்த கூட்டிக்கல், கொக்கயாறு ஊர்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாள்காட்டியில் அது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வட கிழக்குப் பருவமழை தொடங்காத இடைவெளி. ஆடி மழை போய்விட்டது, இனி பயமில்லை என்று ஐப்பசியில் கிளம்புகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏரியின் நாள்காட்டி

தேக்கடி ஏரி இயற்கை ஏரி அல்ல. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது காட்டுக்குள் தேங்கிய நீர், சுமார் 26 சதுர கி.மீ. பரப்பில் விரல் விரலாகப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்து கிடக்கிறது. அன்று மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் நீருக்குமேல் தலைநீட்டி நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றில் உட்கார்ந்து சிறகு உலர்த்துகின்றன. படகில் போகிற பலருக்கு இது அணைத் தண்ணீர் என்பதே தெரியாது. ஆனால் படகிலிருந்து என்ன தெரியும் என்பதை முடிவு செய்வதே அணையின் மட்டம்தான்.

நடப்பது இதுதான். பருவமழையில் ஏரி ஏறுகிறது. உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் அளித்த தீர்ப்பின்படி 142 அடி வரை தேக்கலாம். தண்ணீர் ஏறும்போது கரை காட்டின் விளிம்பைத் தொட்டுவிடும். ஏரி கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் விலங்கு வந்து நிற்கக் கரையே இருக்காது. மழையில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர் இருப்பதால் யானைக்கு ஏரிக்கு வரும் அவசியமும் இல்லை. ஜூலையில், அக்டோபரில் ஒன்றரை மணி நேரம் படகில் போய்விட்டு, ஒரு பன்றியைக்கூடக் காணோமே என்று சலித்துக்கொண்டு இறங்கும் குடும்பங்களின் கதை இதுதான்.

மழை நின்றதும் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் போகப்போக மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரமண், ஈரமண்ணில் இளம்புல். மாசி, பங்குனியில் காட்டோடைகள் வறள, யானையும் காட்டெருமையும் மிளாவும் புல்லுக்கும் நீருக்குமாகக் கரைக்கு வரும். நீர்நாய்க் குடும்பம் மீனோடு விளையாடும். புலியைப் பார்க்கும் அதிர்ஷ்டம் எந்த மாதத்திலும் அபூர்வம். அதை நம்பிப் படகேறக் கூடாது. மார்ச், ஏப்ரலில் ஏரி சுருங்கிப் பட்டமரங்கள் கூடுதலாக வெளியே தெரியும். புகைப்படத்துக்கு அவ்வளவு அழகில்லை. விலங்கு பார்ப்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

ஜூன் முதல் தேதி வழக்கமாகக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் முதல் போகத்துக்காகத் தண்ணீர் திறக்கப்படும். கோடை மழை ஏமாற்றிய ஆண்டுகளில் அந்தத் தேதிக்குத் தண்ணீர் இருக்குமா என்று தேனி மாவட்ட விவசாயிகள் தினமும் பத்திரிகையில் அணை மட்டத்தைப் பார்ப்பார்கள். அதே எண்ணைச் சுற்றுலாப் பயணியும் பார்க்கலாம். தமிழ் நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் அது தவறாமல் வரும். 140 என்றால் ஏரி அழகு. 115 என்றால் யானை. மொத்தத்தில் கணக்கு இவ்வளவுதான்.

விடுமுறை வாரங்களின் விலை

2009 செப்டம்பர் 30. அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் விஜயதசமி முடிந்திருந்தது; பூஜை விடுமுறைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு மாலை நடையில் புறப்பட்டது. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. ஐந்து மணி சுமாருக்கு ஏரியின் நடுவே அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கீழ்த் தளத்தில் இருந்தவர்களுக்கு வெளியே வர வழியில்லாமல் போயிற்று. பெரும்பாலோர் கேரளத்துக்கு வெளியிலிருந்து வந்த பயணிகள். உயிர்காப்பு உடுப்பை யாரும் அணிந்திருக்கவில்லை.

கரையில் விலங்குகளைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பயணிகள்மேல் பழியைப் போட அது வசதியாகவும் இருந்தது. பிறகு நடந்த விசாரணைகளில் படகின் வடிவமைப்பிலேயே குறை என்பதும் வெளிவந்தது. கனமான அடிப்பாகம் இல்லாத படகின் மேல் தளத்தில் ஆட்கள் கூடக்கூட அதன் எடைமையம் மேலே ஏறும். அப்படிப்பட்ட படகு திரும்பும்போதோ, பத்துப் பேர் ஒரு பக்கம் நகரும்போதோ சாய்ந்தால் மீண்டும் நிமிராது. இரண்டு வருடத்துக்கு முன், 2007 பிப்ரவரியில், இதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 18 பேர் இறந்ததிலிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. பிப்ரவரி என்பது மழையும் இல்லாத, காற்றும் இல்லாத நல்ல மாதம். நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான்.

தேக்கடியில் இப்போது உயிர்காப்பு உடுப்பு அணியாமல் படகேற முடியாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் படம் பிடிக்க எழுந்து நிற்பவர்கள் மட்டும் மாறவில்லை. சிறு குழந்தைக்குப் பெரியவர் அளவு உடுப்பைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். அளவானதைக் கேட்டு வாங்கும் உரிமை டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் உண்டு. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இன்னொரு விடுமுறை பொங்கல். நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது, குளிரும் இருக்கிறது, கிளம்பலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தை முதல் நாளை ஒட்டித்தான் சபரிமலையில் மகரவிளக்கு. கார்த்திகை முதல் தேதியிலிருந்தே குமுளி, வண்டிப்பெரியார் சாலை ஐயப்ப பக்தர்களின் சாலையாகிவிடும். வண்டிப்பெரியாரிலிருந்து சத்திரம் போய், அங்கிருந்து புல்மேடு வழியாகக் காட்டில் நடந்து சன்னிதானம் செல்லும் பாதை இருக்கிறது. மகரஜோதியைத் தூரத்திலிருந்து பார்க்கப் புல்மேடு, பருந்துப்பாறை, பாஞ்சாலிமேடு என எல்லா மேடுகளிலும் கூட்டம். 2011 ஜனவரி 14 இரவு ஜோதியைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் புல்மேட்டு நெரிசலில் சிக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தார்கள். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் எனப் பல மாநிலத்தவர். பக்திக்காக வருகிறவர்களுக்கு அந்த நாள்தான் நாள். பருந்துப்பாறையில் காற்று வாங்க வரும் குடும்பத்துக்கு அதே மேட்டில் நிற்க வேறு நாட்கள் எத்தனையோ இருக்கின்றன. அடுத்த நாள் ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்த நாள். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் இடுவார்கள். அதைப் பார்க்கப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டு, மலைக்கு நான்கு நாள் கழித்து ஏறலாம்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு சின்ன இடுக்கு உண்டு. மண்டல பூஜை முடிந்து டிசம்பர் 26 அல்லது 27-ல் சபரிமலை நடை அடைத்தால், டிசம்பர் 30-ல்தான் மீண்டும் திறக்கும். இடைப்பட்ட நாட்களில் சாலை மூச்சு விடும். ஆனால் அதே நாட்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் விடுதிகளை நிறைத்துவிடும். அறை வாடகை இரட்டிப்பாகும். வண்டிப்பெரியார்ப் பக்கம் தங்கிக்கொண்டு காலையில் குமுளிக்குப் போய்வருவது அந்த நாட்களுக்குப் பொருந்தும்.

மலையில் இருப்பவர்கள்

வண்டிப்பெரியார்க் கடைத்தெருவில் தமிழ் கேட்பதற்குச் சுற்றுலா காரணமல்ல. 19-ம் நூற்றாண்டில் தேயிலை வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து கீழேயிருந்து ஏறிய குடும்பங்கள்தான் தோட்டங்களை நடத்துகின்றன. மூன்று, நான்கு தலைமுறையாக லயங்களில் வாழ்கிறார்கள். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீருமேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. வேலை இழந்தவர்களில் சிலர் ஜீப் ஓட்டவும் விடுதிகளில் வேலை பார்க்கவும் போனார்கள். இன்று பயணிகளைப் பருந்துப்பாறைக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடும். எந்த வளைவில் மண் இறங்கும், எந்த மாதம் மூடுபனி பகல் பதினொரு மணி வரை விலகாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இன்று மாலை மேலே போக வேண்டாம் என்று அவர் சொன்னால் அது கூலி பேசும் தந்திரம் அல்ல.

மழையின் கணக்கை இவர்கள் கற்றது சொந்த வீட்டில். 2018 ஆகஸ்ட் 15 அதிகாலை அணை மட்டம் உயர்ந்து மதகுகள் திறக்கப்பட்டபோது வள்ளக்கடவும் வண்டிப்பெரியாரும்தான் முதலில் தண்ணீரைப் பார்த்தன; ஆற்றோர வீடுகளும் நெடுஞ்சாலையும் மூழ்கின. 2020 ஆகஸ்ட் 6 இரவு இதே மாவட்டத்தின் வட கோடியில், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை அடித்துச் சென்றது. இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது இரவுப் பயணத்தையும் படகுகளையும் நிறுத்திவைப்பது பயணிகளின் வசதிக்குறைவுக்காக அல்ல. மழையை ரசிக்கிறோம் என்று வருகிறவர்கள் வரலாம். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் இல்லாமல், கிழக்கு வாசல் வழியாக, எச்சரிக்கை இல்லாத நாளில், அட்டைப்பூச்சிக்கு உப்போடு வருவது உத்தமம்.

வண்டிப்பெரியாரிலிருந்து வள்ளக்கடவு வழியாகக் காட்டுக்குள் சுமார் 28 கி.மீ. போனால் கவி. கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டம். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை இங்கே குடியமர்த்தினார்கள். 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் 2012-ல் வந்தபின் கவிக்குக் கூட்டம் பெருகிவிட்டது. நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று கட்டுப்பாடு இருப்பதால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இங்கேயும் ஒரு சிறு ஏரி, துடுப்புப் படகு. தேக்கடியின் இயந்திரப் படகுக்கு இல்லாத அமைதி இதில் உண்டு. தமிழ் பேசும் வழிகாட்டி கிடைத்தால் காட்டோடு சேர்த்துக் கண்டிச் சீமைக் கதையும் கிடைக்கும்.

எப்போதுதான் போவது?

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், மகரவிளக்கு முடிந்து நடை அடைத்த பிறகு, ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி இறுதி வரையிலான ஐந்து வாரங்கள்தான் முதல் தேர்வு. இரவில் குளிர் மிச்சமிருக்கும். பக்தர் கூட்டம் இறங்கியிருக்கும். ஏரி பாதிக்குமேல் நிறைந்தும் கரை தெரியத் தொடங்கியும் இருக்கும். கிழக்கு, மேற்கு இரண்டு மலைப்பாதைகளும் காய்ந்திருக்கும். குடும்பங்களுக்கு ஒரே தடை, அப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க மனம் வந்தால் போதும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த யோசனையைச் சொல்லிப் பயனில்லை.

அவர்களுக்கு ஏப்ரல் பிற்பகுதி. குளிர் இருக்காது; கீழே தேனி கொதிக்கும்போது மேலே மின்விசிறி இல்லாமல் தூங்க முடியும் என்பதே பெரிய லாபம். யானை பார்க்க இதுவே நல்ல நேரம். பிற்பகலில் இடி மழை வரும் என்பதால் காலை நடையே சரி. சித்ரா பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குமுளிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்தான் மக்களுக்கு அனுமதி. இரு மாநிலத்து ஜீப்புகளும் அன்று அங்கேதான் இருக்கும். கண்ணகியைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த நாளையே தேர்ந்தெடுக்கலாம். படகை அதற்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

காலாண்டு விடுமுறைக்குக் கையில் இருப்பது நிறைந்த ஏரி, பச்சை மலை, நம்ப முடியாத வானம். கட்டாயம் போக வேண்டும் என்றால் கம்பம் வழியாக ஏறி, குமுளியோடு நிறுத்திக்கொண்டு, மேற்குச் சரிவை விட்டுவிடலாம்.

எந்த மாதமானாலும் சில நடைமுறைகள் மாறுவதில்லை. சொந்த வண்டியைப் படகுத்துறை வரை கொண்டுபோக முடியாது; குமுளியில் நிறுத்திவிட்டு வனத்துறை பேருந்தில் ஏற வேண்டும், அதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலை ஏழரை மணிப் படகுதான் படகு. ஏரிமேல் மூடுபனி படர்ந்திருக்க, வெயில் ஏறுமுன் விலங்குகள் கரையில் நிற்கும், கூட்டமும் குறைவு. முந்தைய நாளே சீட்டு எடுக்காதவர்களுக்கு விடுமுறை நாளில் அது கிடைக்காது. அதற்காக முதல் நாள் இரவு மலையில் தங்கியாக வேண்டும். மதுரையிலிருந்து அன்று காலை புறப்பட்டு அந்தப் படகைப் பிடிக்க நினைத்தால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநரை நம்பி இருட்டில் மலையேற வேண்டியிருக்கும். திரும்பும்போது மாலை நான்கிலிருந்து ஆறு வரை குமுளி மலைப்பாதையைத் தவிர்ப்பது நல்லது. தோட்டத்து ஜீப்புகள் வேலை முடிந்து ஒன்றையொன்று முந்திக்கொண்டு கீழே இறங்கும் நேரம் அது.